ஏரிக்கரையில் மூடிக் கிடந்த வள்ளுவர்

பெங்களூரு ஜோகுபாளையத்திலிருந்து அல்சூர் ஏரிக்கரைக்கு நடந்தே போய்விடலாம். அந்தக் கரையில் உட்கார்ந்திருக்கும் திருவள்ளுவர், ஊருக்கு முகம் காட்ட 18 ஆண்டுகள் காத்திருந்தார்.

பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியில் 1991-இல் அங்கே சிலை நிறுவப்பட்டது. காலம்தான் சரியில்லை. அந்த ஜூனில் காவிரி நடுவர் மன்றம், தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் ஆண்டுக்கு 205 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. டிசம்பரில் கலவரம், பெங்களூருத் தமிழர்கள் பலர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். கன்னட அமைப்புகள் சிலையை எதிர்த்தன. திறப்பு விழா நின்றுபோனது. மூடியது மூடியபடியே சிலை இருந்தது.

தண்ணீரைப் பற்றியும் மழையைப் பற்றியும் அவ்வளவு பாடியவருக்கு ஆற்றுத் தகராறே தடையானது வேடிக்கைதான்!

முடிச்சு அவிழ்ந்தது ஒரு பண்டமாற்றில். பெங்களூருவில் வள்ளுவர், சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் என்று இரு மாநில அரசுகளும் ஒப்புக்கொண்டன. சர்வக்ஞர் நாடோடி, மூன்றே அடியில் ஊரைக் குத்திக்காட்டிப் பாடியவர். ஈரடிக்காரருக்கு மூவடிக்காரர், பொருத்தமான ஜோடி.

2009 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் தமிழ்நாட்டு முதல்வர் கருணாநிதி வள்ளுவர் சிலையைத் திறந்தார். நான்கே நாளில், ஆகஸ்ட் 13 அன்று, அயனாவரம் ஜீவா பூங்காவில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது.

காவிரி வழக்கு அதற்குப் பிறகும் நடந்தது. 2016 செப்டம்பரில் பெங்களூரு மறுபடி கொந்தளித்தது. ஆனாலும் வள்ளுவர் ஏரிக்கரையிலும் சர்வக்ஞர் அயனாவரத்திலும்தான் இருக்கிறார்கள்.