காசில் அமர்ந்த புலி

கொள்ளிடத்து வடகரையில், திருமானூர் டீக்கடை ஒன்றில், நண்பர் ஒருவர் ராஜேந்திர சோழன் காசின் படத்தைக் காட்டி, "பாருங்க தோழர், நம்ம புலி" என்றார். நடுவில் உட்கார்ந்த புலி, அதை ஒட்டி இரண்டு மீன்கள், ஒரு வில், மேலே குடை. நண்பர் புலியைப் பார்த்தார். எனக்கோ மீன்களும் வில்லும் அங்கே எப்படி வந்தன என்பதுதான் கேள்வியாக இருந்தது. காசின் சின்னத்தைப் பெருமையின் அடையாளமாகவே வாசித்துப் பழகிவிட்டோம். அது அதிகாரத்தின் சொல்லாடலும்கூட என்பதைப் பேச வேண்டியிருக்கிறது.

காசு என்பது எடை தெரிந்த உலோகத் துண்டு. அதற்கு யார் பொறுப்பு என்பதை முத்திரை சொல்கிறது. பண்டைய கிரேக்க நகர அரசுகளின் வெள்ளிக்காசுகளில் இது துலக்கமாகத் தெரியும். ஏஜினாவுக்கு ஆமை, கொரிந்துக்குச் சிறகு முளைத்த குதிரை, ஏதென்ஸுக்கு அதீனா தெய்வத்தின் ஆந்தை. எழுத்தறியாதவனும் ஊரை அடையாளம் கண்டுகொள்வான். ஆனால் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ், தன் அணியிலிருந்த நகரங்கள் தன்னுடைய நாணயத்தையும் எடை, அளவைகளையுமே கைக்கொள்ள வேண்டுமென்று ஆணையிட்டது. மற்றவர் குறிகள் ஒதுங்கினால்தான் ஆந்தை பறக்க முடியும். அந்த வெள்ளியை லாரியம் சுரங்கங்களில் வெட்டியெடுத்தவர்கள் அடிமைகள். ஆந்தை அதைச் சொல்லாது.

நம் பக்கம் வருவோம். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசில் ஒரு மனிதத் தலை. கூடவே தமிழ்ப் பிராமியில் 'மாக்கோதை' என்ற பெயர். எழுத்து தமிழ். முகம் பொறிக்கும் முறையோ கொங்கு வழியே புழங்கிய ரோமானிய வெள்ளிக்காசுகளைப் பார்த்துப் பழகியது. கலப்பில்லாத தூய சின்னம் என்று ஒன்று அன்றைக்கே இல்லை.

அமராவதி காவிரியில் கலக்கிறது. காவிரியிலிருந்து பிரிந்த கொள்ளிடம் எங்கள் ஊரைத் தொட்டு ஓடுகிறது. அந்தத் தண்ணீரோடு பல நூற்றாண்டு இறங்கி வந்தால், இதே அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம், 11ஆம் நூற்றாண்டு. ஏதென்ஸ் மற்றவர் குறிகளை விலக்கப் பார்த்தது. சோழன் விலக்கவில்லை, பாண்டியனின் மீனையும் சேரனின் வில்லையும் தன் குடைக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். தோற்றவனின் சின்னம் அழிந்துபோனால் வெற்றியை யார் பார்ப்பது?

இன்னொன்று. காசிலுள்ள 'கங்கைகொண்ட சோழ' என்ற பெயர் நாகரி எழுத்தில் இருக்கிறது. அதே காலத்து நிலக்கணக்கும் வரிக்கணக்கும் கோயில் சுவர்களில் தமிழில் இருக்கின்றன. பெருமையை ஒரு எழுத்தில் உலகத்துக்கும், கடனை இன்னொரு எழுத்தில் ஊருக்கும் சொன்ன அரசு அது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயில் காசைக் கடனாகப் பெற்ற ஊர்ச்சபைகள் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டி கட்டின. அங்கேயே, வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில், பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. தோற்ற அரசனுக்காவது காசில் ஒரு மீன் அளவுக்கு இடம் கிடைத்தது. சேரிக்கு எந்தக் குறியும் இல்லை.

"அப்ப பெருமையே படக்கூடாதா?" என்றார் நண்பர்.

"படுங்க தோழர். 'நம்ம'ன்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்தப் பட்டியலையும் ஒருதரம் படிச்சிட்டுச் சொல்லுங்க."

அவர் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். இந்தமுறை விரல் மீன்கள்மேல் இருந்தது.