தீர்வதும் திரும்புவதும்

என் மேசைமேல் கொஞ்ச நாள் ஒரு கரித்துண்டு இருந்தது. நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பனின் அப்பா, பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தது. கரி என்றால் கன்னங்கரேலென்று, கல் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. தொட்டால் ஈரம். ஒரு பக்கத்தில் மரத்தின் வரிகள்கூடத் தெரிந்தன. மூன்றே வாரத்தில் காய்ந்து, தானாகவே விரிசல் விட்டு, உதிரத் தொடங்கிவிட்டது. வீட்டில் பெருக்கித் தள்ளிவிட்டார்கள்.

பழுப்பு நிலக்கரியின் குணமே அதுதான். எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். தண்ணீருக்கு வண்டிக்கூலி கொடுத்துத் தொலைதூரம் கொண்டுபோக யாருக்கும் கட்டாது. அதனால்தான் சுரங்கத்தின் வாசலிலேயே அனல்மின் நிலையத்தைக் கட்டினார்கள். அந்த நெருப்பில் ஒரு கிலோ எரிந்தால் சுமாராக ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கும். நம் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் 75 வாட். ராத்திரி பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் கிலோ கரி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு சில நாள் ஃபேனுக்குக் கீழே படுப்பது சங்கடமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

நெய்வேலிக் கரியின் கதை 1930-களில் தொடங்குகிறது. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்று நீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அவர் அதை அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுபோனார். 1956-ல் அந்தக் கரியை எடுக்க ஒரு நிறுவனம் உருவானது. 1957-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். தோண்டத் தொடங்கிக் கரி முகம் காட்டியது 1961-ல்தான். நடுவில் கடந்த நான்கு ஆண்டும் மண்ணை அள்ளிய ஆண்டுகள். கரி ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. மேலே மூடியிருப்பது கெட்டியான மணற்பாறை. இன்றைக்கும் ஒரு டன் கரி எடுக்க ஐந்து முதல் ஏழு கனமீட்டர் மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது.

அகற்றும் எந்திரத்தை அங்கே ‘பக்கெட் வீல்’ என்பார்கள். மாடி வீடு உயரத்துக்கு ஒரு சக்கரம், அதன் விளிம்பைச் சுற்றி வாளிகள். பெரிய எந்திரத்தில் வாளி ஒன்று 1,400 லிட்டர் கொள்ளும். நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைவிடப் பெரிது. சக்கரம் சுழலச் சுழல ஒவ்வொரு வாளியும் மண்சுவரைக் கடித்துக்கொண்டு மேலேறி, கன்வேயர் பெல்ட்டில் கொட்டிவிட்டு இறங்கும். பாறை ரொம்பக் கெட்டியாக இருந்தால் முதலில் வெடி வைத்துத் தளர்த்துவார்கள். பெல்ட்டில் போகும் மண், கரி எடுத்து முடிந்த பழைய பள்ளத்துக்குப் போய்ச் சேர்கிறது. முன்னால் வெட்டி, பின்னால் நிரப்பி, சுரங்கம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

தீரும் வளம், தீராத வளம் என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு பட்டியல் எழுதிப் படித்தோமே, அதன் முழு அர்த்தம் எனக்கு இந்த நகர்தலில்தான் பிடிபட்டது. எடுத்த இடத்தில் மறுபடி விளையாது. அதனால் சுரங்கம் அடுத்த வயலைக் கேட்கும், பிறகு அடுத்த ஊரைக் கேட்கும். நிலம் கொடுத்தவர்களின் இழப்பீடும் வேலைக் கோரிக்கையும் அங்கே தலைமுறை தாண்டி ஓயாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏன் விளையாது? விளையும், நமக்குத்தான் காத்திருக்கப் பொறுமை போதாது. சதுப்பு நிலத்தில் விழுந்த மரமும் இலையும் காற்றுப் படாமல் மட்கிச் சேர்வது ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். அது புதைந்து அமுங்கும்போது கனம் இரண்டு மூன்று மடங்கு குறையும். பதினைந்து மீட்டர் கரிப்படுகை வேண்டுமென்றால் மட்குவதற்கே முப்பது, நாற்பதாயிரம் ஆண்டு. அதன்மேல் மண் ஏறி, அழுத்தமும் சூடும் சேர்ந்து கரியாகக் கோடிக்கணக்கான ஆண்டு. பக்கெட் வீல் அதே கனத்தைச் சில நாளில் சீவிவிடுகிறது.

தீராத பட்டியலைப் பார்க்கத் தெற்கே போவோம். ஜூன் மாதத்தில் நாகர்கோவில் பஸ்ஸில் ஆரல்வாய்மொழியைத் தாண்டியவர்களுக்குத் தெரியும்: ஜன்னலைத் திறந்தால் கையில் இருக்கும் டிக்கெட் பறந்துவிடும். மேற்குத்தொடர்ச்சி மலை அங்கே ஒரு சின்ன வாசல் விட்டிருக்கிறது. கேரளப் பக்கமிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கியடித்து நுழையும்போது வேகம் கூடும். முப்பந்தலில் காற்றாலைகள் நாற்று நட்டது மாதிரி நிற்பதற்குக் காரணம் அதுதான். செங்கோட்டைக் கணவாயும் பாலக்காட்டுக் கணவாயும் இதே வேலையைச் செய்கின்றன. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை வந்தது மட்டும் கணவாயில் அல்ல, 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில்.

காற்றுக்கு ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். கணவாய் தேடி ஓடுவது இதற்காகத்தான். ஆனால் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இறக்கை செய்தாலும் 59.3 சதவீதத்துக்கு மேல் பிடிக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் கணக்குப் போட்டுக் காட்டினார். முழுவதையும் பிடித்தால் காற்று இறக்கைக்குப் பின்னால் நின்றுபோகும். நின்ற காற்று வழியை அடைத்தால் அடுத்த காற்று எப்படி வரும்? கொஞ்சத்தை விட்டுவைத்தால்தான் மீதி கிடைக்கும்.

இன்றைக்குப் பிடித்ததால் நாளைய காற்று குறையப் போவதில்லை. முப்பந்தல் காற்றாலை அடுத்த வயலைக் கேட்டு நகர்வதும் இல்லை. முப்பது ஆண்டுக்கு முந்தைய சின்ன ஆலையைக் கழற்றிவிட்டு அதே ஊரில் பெரியதை நிறுத்துகிறார்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது. கரி தன்னைத்தானே சேமித்து வைத்திருக்கும், வேண்டும்போது எரித்துக்கொள்ளலாம். காற்றை வரும்போதே பிடித்தாக வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை கொட்டும், அப்புறம் இறக்கைகள் சோம்பல் முறித்துக்கொண்டு நிற்கும். உபரி மின்சாரத்தைச் சேமிக்க ஆனைமலையில் கடம்பாறை மாதிரி நிலையங்கள் உண்டு: மிச்சமிருக்கும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். கடம்பாறையின் திறன் 400 மெகாவாட்.

இன்னொன்று. காற்று தீராது, காற்றாலை தீரும். கோபுரம் எஃகு, உள்ளே செம்பு, இறக்கை கண்ணாடி இழை. எல்லாம் பூமியைத் தோண்டி எடுத்தவை. ஆனால் எஃகும் செம்பும் கரி மாதிரித் தீர்வதில்லை. எரித்த கரி புகையாகப் போய்விட்டது, அவ்வளவுதான். செம்பு மோட்டாரிலிருந்து காயலான் கடைக்கும், அங்கிருந்து உலைக்கும், உலையிலிருந்து புதுக் கம்பிக்கும் போய்க்கொண்டே இருக்கும். பாடப்புத்தகம் இரண்டையும் புதுப்பிக்க இயலாத வளம் என்று ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறது. காயலான் கடைக்காரருக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். காற்றாலை இறக்கையை அவரிடம் கொண்டுபோனால் வாங்கமாட்டார். கண்ணாடி இழையும் ரெசினும் ஒட்டிக்கிடப்பதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

புதுப்பிக்கத்தக்கவை என்ற பெட்டிக்குள்ளும் இதே குழப்பம்தான். மீன் அதில்தான் இருக்கிறது. ஆனாலும் நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் நீட்டினார்கள். மீன் முட்டையிட்டுக் குஞ்சு தேறும் வேகத்தைவிட வலை வேகமாக ஓடினால் மீனும் கரிதான். சூரியனையும் காற்றையும் நாம் என்ன செய்தாலும் தீர்க்க முடியாது. மீன், காடு, ஆற்று மணல், நிலத்தடி நீர் எல்லாம் அப்படியல்ல. அவற்றுக்கு ஒரு நடை உண்டு. அதை மீறாதவரைதான் அவை தீராதவை.

நிலத்தடி நீர் விஷயத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். கொங்கு நாட்டில் கீழே முழுக்கப் பாறை. ஐம்பது, அறுபது அடிக் கிணற்றின் ஊற்று ஒரு நல்ல ஐப்பசி மழையில் நிரம்பிவிடும். பல நூறு அடிக்குக் கீழே, பாறை வெடிப்பில் தேங்கிய நீர் அங்கே போய்ச் சேர எத்தனையோ தலைமுறை ஆகியிருக்கும். சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டு. கிணற்றிலும் போரிலும் வருவது ஒரே தண்ணீர். ஆனால் மேலே இருப்பது காற்றின் கட்சி, கீழே இருப்பது கரியின் கட்சி.

என் பெரியப்பா தோட்டத்தில் போர் போட்ட ராத்திரி நான் கூட இருந்தேன். திருச்செங்கோட்டு ரிக் வண்டி. குழியிலிருந்து வெள்ளைத் தூள் பீறிட்டுக்கொண்டே இருந்தது; தென்னை மட்டை, மாட்டுக்கொட்டகை, எங்கள் புருவம் எல்லாம் வெள்ளை. நீர் தட்டினால் தூள் குழம்பாக மாறும். 600 அடியில் மாறவில்லை. 800-ல் லேசாக ஈரம் காட்டிவிட்டுப் பழையபடி பொடியானது. ஆயிரத்தைத் தாண்டியதும் டிரில்லர் தம்பி எந்திரத்தின் வேகத்தைக் குறைத்துவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தான். அவர் குனிந்து ஒரு பிடி தூளை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். அடிக்கணக்குப் பணம் அவர் தலைக்குள் ஓடுவது தெரிந்தது. பக்கத்தில், அவருடைய அப்பா வெட்டிய கல்கட்டுக் கிணறு வறண்டு, அடியில் வேலாஞ்செடி முளைத்துக் கிடந்தது.

“இன்னும் ரெண்டு ராடு உட்டுப் பாருங்க தம்பி” என்றார்.