விளக்கேற்றும் வேளை

மகாத்மா காந்தி திங்கட்கிழமைதோறும் மௌன விரதம் அனுஷ்டித்தார். அவருடைய அஸ்தி 1948-ல் மக்கள் தரிசனத்துக்கு வைக்கப்பட்ட இடத்தில், கன்னியாகுமரிக் கடலோரம், மண்டபம் எழுப்பினோம், விரதத்தை மறந்தோம். இன்று கைப்பேசி நம்மை ஒரு நிமிஷமும் சும்மா இருக்க விடுவதில்லை.

மகாராஷ்டிரத்தில் ஸாங்கிலி ஜில்லாவைச் சேர்ந்த மோஹித்யாஞ்சே வட்காவ் கிராமத்தார் 2022-ல் ஓர் ஏற்பாடு செய்தனர். மாலை 7 மணிக்குக் கோயிலில் ஸைரன் ஊதும். 8-30 மணி வரை கைப்பேசியும் டெலிவிஷனும் ஓய்ந்திருக்கும். கொரோனாக் காலத்தில் பாடத்துக்காகப் பிள்ளைகளிடம் கொடுத்த கருவி, பள்ளி திறந்த பின்னும் அவர்கள் கையை விட்டு அகலாததே காரணம்.

நாஞ்சில் நாட்டு இல்லங்களில் ஸைரன் எதற்கு? அந்தியில் விளக்கேற்றியதும் பெரியவர்கள் முதலில் தங்கள் கைப்பேசியை அணைத்து வைக்கட்டும். பிள்ளைகளுக்கு உபதேசம் தேவைப்படாது.