ஹேசல் விட்டுச் சென்ற பாடம்

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியை எம்மவர் மறந்திலர். வெக்ஸ்போர்ட்டில் வாழும் நமக்கு அந்த அபாயம் இல்லையென எண்ணலாகாது. 1954 ஒக்ரோபர் 15இல் ‘ஹேசல்’ சூறாவளியின் பெருமழை ரொறன்ரோவை மூழ்கடித்தது. ஒன்ராறியோவில் 81 பேர் மாண்டனர். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் தெருவில் மட்டும் 35 பேர்.

எல்லா ஆண்டுகளும் ஒரே தன்மையன அல்ல. 1997இல் அத்திலாந்திக்கில் புயல்கள் அருகின; 2020இலோ பெயரிடப்பட்டவை 30. பசிபிக் சமுத்திரம் வெப்பமுறும் ‘எல் நினோ’ ஆண்டுகளில் அத்திலாந்திக்கின் மேல்வளிக் காற்று வலுத்துப் புயல்களை உருக்குலைக்கும். ‘லா நினா’ ஆண்டுகளில் அத்தடை தளரும். ஆகவே அமைதியான ஓராண்டைக் காட்டிக் காலநிலை மாற்றத்தை மறுப்பது பிழை. ஒரு புயலைக் காட்டி அதை நிறுவுவதும் பிழையே. புயல்களின் எண்ணிக்கை பெருகுமா என்ற விவாதம் ஓயவில்லை. ஆனால் வெப்பமேறிய கடல் அவற்றின் மழையைப் பெருக்கும் என்பதில் அறிஞரிடையே பெரும் பிணக்கில்லை.

ஹேசலின் பின் ஆற்றுப் பள்ளங்களில் குடியிருப்புகள் தடுக்கப்பட்டன. பல இடங்கள் பூங்காக்களாயின. மழை பெருகும் காலத்தில் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்துதல் தகாது.