வீடு முடியற வரைக்கும் எங்கே தூங்குவீங்க?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன வாரம் வந்த வாய்ஸ் மெசேஜ்கள்ல ஒண்ணை இன்னைக்கு எடுத்துக்கிறேன். அனுப்பினவர் சென்னையில ஐ.டி.யில இருக்கார், வாரத்துல நாலு நாள் வீட்டிலிருந்தே வேலை. புதுக்கோட்டை மாவட்டத்துல அப்பாவோட நிலம் கொஞ்சம் இருக்கு. அமெரிக்காவுல ஒரு ஜோடி கேரவன்ல தங்கிக்கிட்டே கிராமத்துல வீடு கட்டுற வீடியோ தொடரை ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கார். "நானும் ஒரு கேரவன் வாங்கி நிலத்துல நிறுத்தி, அதுலயே தங்கி வீடு கட்டலாமா?"ன்னு கேட்கிறார்.

கேரவன்னு சொன்னாலே நம்ம ஊர்ல ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ உட்காருற வண்டிதான் ஞாபகம் வரும். அதனால கேட்டதும் சிரிப்பு வர்றது இயல்பு. ஆனா கேள்வி நியாயமானது. வீடு கட்டுற செலவு, மேஸ்திரி, வாஸ்து எல்லாத்தைப் பத்தியும் ஆயிரம் பேர் பேசுவாங்க. வேலை நடக்கிற அந்த ஒன்பது மாசமோ, ஒன்றரை வருஷமோ எங்கே சமைப்பீங்க, எங்கே குளிப்பீங்க, எங்கே தூங்குவீங்கன்னு யாரும் பேசுறதில்லை. எஸ்டிமேட்ல அதுக்கு ஒரு வரி கூட இருக்காது.

முதல்ல கேரவனைப் பார்த்துடுவோம். சக்கரம் இருந்தா சட்டத்துக்கு அது வண்டி. பதிவு, இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் வேணும். பழைய பஸ்ஸையோ வேனையோ வாங்கி நாமே வீடா மாத்திக்கலாம்னா, மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு குறுக்கே நிக்கும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை அனுமதி இல்லாம மாத்தக் கூடாது. கேரளா 2021-ல கேரவன் சுற்றுலாவுக்குன்னே ஒரு கொள்கை கொண்டு வந்தது, ஆனா அது ஊர் சுத்திப் பார்க்கிறவங்களுக்கு. ஒரே இடத்துல ஒரு வருஷம் நிறுத்தி வச்சு குடித்தனம் பண்றதுக்கு இல்லை.

சட்டத்தை விடுங்க. சித்திரை, வைகாசியில புதுக்கோட்டை வெயில்ல ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள பகல்ல உட்கார்ந்து மீட்டிங் அட்டெண்ட் பண்ண முடியுமா? ஏசி ஓடணும். ஏசிக்கு கரண்ட் வேணும், கழிவறைக்குத் தண்ணி வேணும், அந்தக் கழிவு போக ஒரு குழி வேணும். இந்த மூணும் நிலத்துல ஏற்கெனவே இருந்தா கேரவன் எதுக்கு? மூணும் இல்லைன்னா கேரவனால என்ன பிரயோஜனம்? என் பதில் இங்கேயே முடிஞ்சது. ஆனா அவர் உண்மையில கேட்கிறது வேற: வேலை நடக்கிற இடத்துலயே இருக்கலாமா? இருக்கலாம். இருக்கிறது நல்லதும்கூட. நம்ம ஜனங்க காலங்காலமா அதைத்தான் செய்றாங்க. அதுக்குப் பேர் கொட்டகை.

எங்க சித்தப்பா வீடு ஆலங்குடி பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறினது ஞாபகம் இருக்கும். டெல்டாவுல நடந்தது செய்தியில நிறைய வந்தது. அது உள்ளே வந்து ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடி, அறந்தாங்கி பக்கம் என்ன பண்ணினதுன்னு வெளியில பேச்சு வர்றதுக்குள்ள சில நாள் ஆயிடுச்சு. தென்னை, பலா, வாழை எல்லாம் சாஞ்சது. பல கிராமங்களுக்கு வாரக்கணக்குல கரண்ட் வரலை. முழுசா இடிஞ்ச குடிசைக்கு 10,000 ரூபாய்னு அரசு அறிவிச்சது. அந்தப் பணத்துல வீடு வராது, கூரைக்குத் தகரம் வேணா வரும்.

சித்தப்பாவோட ஓட்டு வீடு பாதி போயிடுச்சு. மீதியையும் இடிச்சுட்டு அதே இடத்துல காரை வீடு கட்டுறதுன்னு முடிவு. பக்கத்துலயே தைல மரக் கம்பு நட்டு, தார்ப்பாய் போட்டு, மேல கீத்து வேய்ஞ்சு கொட்டகை. நாலு மாசம்னு நினைச்சு உள்ளே போனாங்க, 14 மாசம் இருந்தாங்க. சித்தி இன்னைக்கும் சொல்லும்: "முதல் மாசம் ஊரெல்லாம் தென்னை மட்டை கெடந்துச்சுடா, எடுக்க ஆளில்லை. மறு வருசம் கீத்து மாத்தலாம்னா மரமே இல்லை, வெளியூர்லேர்ந்து வெலை குடுத்து வாங்குனோம்."

நாலு மாசம் ஏன் 14 மாசம் ஆச்சு? பணம் தவணை தவணையாத்தான் வரும், அதுக்கு ஏத்த மாதிரிதான் வேலையும் நகரும். கடைக்கால் தோண்டி பேஸ்மென்ட் வரைக்கும் வேகமா வரும். நிலை வச்சு லிண்டல் வரைக்கும் வரும். அப்புறம் கான்கிரீட் போட மொத்தமா ஒரு தொகை வேணும், அங்கே நிக்கும். கான்கிரீட் ஆனதும் சொந்தக்காரங்க எல்லாம் "வீடு முடிஞ்சிருச்சே"ம்பாங்க. பூச்சு, தரை, ஒயரிங், கதவு, பிளம்பிங்னு செலவு அப்பதான் ஆரம்பிக்கும். இந்த ரெண்டாவது நிறுத்தம்தான் நீளமானது. கொட்டகை வசதியா இருந்தா காத்திருக்க முடியும். மோசமா இருந்தா எப்படியாவது உள்ளே போயிடலாம்னு தோணும். அவசரத்துல கடன் வாங்குவோம், இல்லைன்னா பூசாத சுவருக்குள்ள பால் காய்ச்சுவோம். பூசாமலே பத்து வருஷம் ஓடிப்போன வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீங்க.

சரி, பக்கத்து டவுன்ல வாடகைக்கு இருந்துக்கிட்டு வாரம் ஒரு தடவை வந்து பார்த்தா போதாதா? பார்க்கலாம், ஆனா தண்ணி யார் அடிப்பாங்க? கான்கிரீட் காய்ஞ்சா கெட்டியாகும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. உண்மை தலைகீழ். சிமென்ட் தண்ணியோட சேர்ந்து வினை புரிஞ்சுதான் இறுகுது. ஈரம் சீக்கிரம் போயிட்டா வினை பாதியில நின்னுடும், வெடிப்பு விடும். ஐ.எஸ். 456-ன்னு இந்தியத் தர விதி ஒண்ணு இருக்கு. சாதாரண ஓ.பி.சி. சிமென்ட்டுக்குக் குறைஞ்சது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. மாதிரி சிமென்ட்டுக்கு அல்லது வெயில் அதிகமான வறண்ட காலத்துக்கு 10 நாள் ஈரமா வச்சிருக்கச் சொல்லுது. மேல்தளத்துல மண் பாத்தி கட்டி தண்ணி நிறுத்துறாங்களே, அது இதுக்குத்தான். சுவருக்கும் பில்லருக்கும் பாத்தி கட்ட முடியாது. சாக்கைச் சுத்தி, காலையிலும் சாயங்காலமும் ஒருத்தர் நனைக்கணும். சம்பளத்துக்கு வச்ச ஆள் ஞாயித்துக்கிழமை வரமாட்டார். சித்தி ஒரு நாள் கூட விடலை.

சிமென்ட் மூட்டையும் அப்படித்தான். தரையில நேரா அடுக்கினா அடி மூட்டை கல்லாயிடும். பலகை போட்டு, சுவரை விட்டு ஒரு அடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல போகாம அடுக்கணும். மழைக்காலத்துல உங்க படுக்கையும் சிமென்ட்டும் ஒரே கூரைக்குக் கீழேதான். ரெண்டுல எதுக்கு நல்ல மூலைன்னு கேட்டா, எல்லா வீட்லயும் சிமென்ட்டுக்குத்தான்!

அப்போ எதை முதல்ல செய்யணும்? கொட்டகையைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி கழிவறை. வீட்டோட செப்டிக் டேங்க் கடைசியில வர்ற வேலைன்னு மேஸ்திரி சொல்வார். ஒத்துக்காதீங்க. டேங்கை முதல்ல கட்டி, அது மேலயோ பக்கத்துலயோ ஒரு கழிவறையும் குளிக்கிற இடமும் நிரந்தரச் சுவரோட போட்டுடுங்க. வீடு முடிஞ்சதும் அதே டேங்க்ல வீட்டு லைனைச் சேர்த்துக்கலாம். வெளிப்புறக் கழிவறை வேலையாட்களுக்கும், பிற்பாடு விருந்தாளிகளுக்கும் ஆகும். சித்தப்பா இதைச் செய்யலை. 14 மாசமும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து காட்டுப்பக்கம் போனது சித்தியும் அப்போ பத்தாவது படிச்சுக்கிட்டிருந்த என் தங்கச்சியும். ஆம்பளைங்க யாரும் அதைக் கஷ்டம்னு கணக்குலயே எடுத்துக்கலை. நானும்தான், லீவுக்குப் போனப்போ.

அடுத்து தண்ணி. புதுக்கோட்டையில கேணி, போர் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். மேற்கே விராலிமலை, குளத்தூர் பக்கம் கீழே பாறை. கிழக்கே ஆலங்குடி, அறந்தாங்கி பக்கம் படிவு மண். அதனால பக்கத்துத் தோட்டக்காரர்கிட்ட எத்தனை அடியில தண்ணி வந்ததுன்னு கேட்காம போர் வண்டியைக் கூப்பிடாதீங்க.

கரண்ட் விஷயத்துல ஒரு தப்பு எல்லா ஊர்லயும் நடக்குது. தோட்டத்து மோட்டாருக்கு இலவச மின்சாரம் இருக்கும். அதுல இருந்து ஒரு ஒயரை இழுத்து கொட்டகைக்கும் கட்டிட வேலைக்கும் விட்டுடுவாங்க. விவசாய இணைப்பை வேற எதுக்கும் பயன்படுத்தக் கூடாது, பிடிபட்டா அபராதம். கட்டுமானத்துக்குன்னு தற்காலிக இணைப்பு வாங்கணும். அதுக்கு யூனிட் விலை வீட்டு இணைப்பைவிட ஜாஸ்தி, வீடுகளுக்குக் கிடைக்கிற 100 யூனிட் இலவசமும் அதுல இல்லை. கேரவன்ல ஏசி போட நினைச்ச நம்ம நண்பர் இதையும் கணக்குல சேர்த்துக்கணும்.

இப்போ பாம்பு. இதை நான் பயமுறுத்தச் சொல்லலை. செங்கல் அடுக்கு, ஜல்லிக் குவியல், பலகைக் கட்டு இருந்தா எலி வரும், எலி இருந்தா பாம்பு வரும். கொட்டகையில தரையில படுக்கிறவங்களுக்கு முக்கியமான ஆபத்து கட்டுவிரியன். அது ராத்திரியில நடமாடுறது. கடிச்சா பல நேரம் பெரிசா வலிக்காது, கடிவாய் கண்ணுக்கே தெரியாமலும் இருக்கும். விடியக்காலையில வயித்து வலி, கண் இமை தூக்க முடியலை, பேச்சு குழறுதுன்னா அது அஜீரணம்னு நினைச்சு சோடா குடுத்துக்கிட்டு உட்காராதீங்க. கட்டு போடாம, கீறாம, நேரா அரசு மருத்துவமனைக்குப் போங்க. விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். தடுக்கிற வழி ரொம்ப எளிசு: கயித்துக் கட்டில், கொசுவலை, வலையோட ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகிடணும். கையில ஒரு டார்ச். செங்கல்லைக் கொட்டகையை ஒட்டி அடுக்க வேண்டாம். வீடு கட்ட ஆகுற மொத்தச் செலவுல இது எத்தனை பைசா?

கூரைக்குத் தகரம் போடுறதுனா மேல கீத்து போடுங்க, பகல்ல உள்ளே உட்காரலாம். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க, தகரம் எம்மாத்திரம். நாலு மூலையிலும் மண் மூட்டை கட்டித் தொங்கவிடணும்.

இதுவரைக்கும் பேசினது விருப்பப்பட்டு போறவங்களுக்கு. வேற ஒரு பெரிய கூட்டம் வேற வழியில்லாம இதே கொட்டகையில இருக்கு. தமிழ்நாடு அரசோட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024-ல அறிவிச்சது. குடிசைக்குப் பதிலா 360 சதுர அடி வீடு, ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 2030-க்குள்ள 8 லட்சம் வீடு. மத்திய அரசோட கிராமப்புற வீட்டுத் திட்டமும் தனியா இருக்கு. ரெண்டுலயும் பணம் கட்டம் கட்டமா வரும்: இவ்வளவு உயரம் வந்தாச்சுன்னு காட்டணும், அப்புறம்தான் அடுத்த தவணை. திட்டம் நல்ல திட்டம், எனக்கு அதுல சந்தேகம் இல்லை. ஆனா குடிசையில இருக்கிறவங்களுக்குப் பட்டா பெரும்பாலும் அந்தக் குடிசை நிக்கிற இடத்துக்கு மட்டும்தான். புது வீடு வரணும்னா பழைய குடிசையை முதல்ல பிரிக்கணும். பிரிச்ச அன்னைக்கு ராத்திரி அந்தக் குடும்பம் எங்கே படுக்கும்? கிராமத்துல வாடகை வீடு கிடையாது, இருந்தாலும் கொடுக்க மாட்டாங்க, கொடுத்தாலும் அதுக்குத் தனியா காசு இல்லை. ஓரமா ஒரு தார்ப்பாய் ஏறும். தவணை தாமதமானா அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு ஐப்பசி, கார்த்திகை கழியும். நம்ம மாவட்டத்துக்கு மழையே அப்போதான். குடிசையில்லா தமிழ்நாட்டுக்குப் போற வழியில ஒவ்வொரு குடும்பமும் குடிசையைவிட மோசமான ஒண்ணுல ஒரு வருஷம் இருந்துட்டுத்தான் போகுது. திட்டத்தொகையில இந்த இடைக்காலத்துக்குன்னு ஒரு சின்ன பங்கு, முதல் தவணையோட, கேள்வி கேட்காம கொடுக்கணும்னு நான் நினைக்கிறேன். நாலு தகரம், பத்து கம்பு, ஒரு கட்டில். அவ்வளவுதான்.

சென்னையில இருக்கிறவங்க இது ஏதோ கிராமத்துக் கதைன்னு நினைக்காதீங்க. உங்க அபார்ட்மென்ட் எழும்பினப்போ கீழே தூணுக்கு நடுவுல செங்கல் அடுக்கி ஒரு வாட்ச்மேன் குடும்பம் இருந்திருக்கும். உங்க பில்லருக்குத் தண்ணி அடிச்சது அந்தம்மாதான்.

கேள்வி கேட்ட நண்பருக்கு வர்றேன். கேரவனுக்கு வச்சிருக்கிற பணத்துல முதல்ல போர், செப்டிக் டேங்க், கழிவறை, பத்துக்குப் பன்னிரண்டுல ஒரே ஒரு ரூம் போட்டுடுங்க. பின்னாடி மோட்டார் ரூமாவோ, வேலை பார்க்கிற ரூமாவோ ஆகிடும். தை, மாசியில ஆரம்பிச்சா ஐப்பசி மழைக்கு முன்னாடி பெரிய வீட்டுக்குக் கூரை ஏத்திடலாம். அதுக்கும் முன்னாடி அப்பாவுக்குப் போன் போட்டு ரெண்டு விஷயம் கேளுங்க. பட்டா இப்போ யார் பேர்ல இருக்கு? மின் கம்பம் நிலத்துல இருந்து எவ்வளவு தூரம்? பதிலை வாய்ஸ் மெசேஜ்ல அனுப்புங்க, மிச்சத்தை அதை வச்சுப் பேசுவோம்.