பிறர் செயலும் நாம் கற்பிக்கும் காரணமும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் இருப்புப்பாதையில், திருநின்றவூரை அடுத்துள்ளது வேப்பம்பட்டு. காலை வேளையில் அந்நிலையத்தில் மின்சார வண்டி ஏறுவோர் பலர். அமர இடம் பெறுவோர் சிலர். முதியவர் ஒருவர் எதிரே நிற்க, இளைஞன் ஒருவன் கண்மூடி அமர்ந்திருக்கிறான் என்று கொள்வோம். மரியாதை அறியாதவன் என்று நம் மனம் உடனே தீர்ப்பளித்துவிடும். அவன் இரவெல்லாம் ஆலையில் உழைத்துத் திரும்புபவனாக இருக்கலாம். காய்ச்சலோடு மருத்துவமனைக்குச் செல்பவனாகவும் இருக்கலாம். நாமே எழாது அமர்ந்திருக்கும் நாளிலோ, உடல்நலமில்லை என்ற காரணம் தேடாமலே கிடைத்துவிடும்.

செயலுக்குக் காரணங் கற்பிக்கும் இவ்வியல்பை ஆராய்ச்சிப் பொருளாக்கியவர், வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பிரிட்ஸ் ஹைடர் என்னும் உளவியலறிஞர். 1958-இல் வெளிவந்த தம் நூலில், குணமும் விருப்பமுமாகிய அகக்காரணம், சூழ்நிலையாகிய புறக்காரணம் என இரண்டைப் பிரித்துக் காட்டினார். செய்பவன் நம் கண்முன் நிற்கிறான். அவனைச் சூழ்ந்த நெருக்கடி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலின் குணத்தையே பழிக்கிறோம். 1977-இல் லீ ராஸ் என்பார் இதற்கு அடிப்படைப் பிழை என்றே பெயரிட்டார்.

இப்பிழை எல்லா மக்களிடத்தும் ஒரே அளவினதா? ஜோன் மில்லர் என்ற அம்மையார் சிகாகோவிலும் மைசூரிலும் ஆராய்ந்து 1984-இல் விடை கண்டார். மைசூர்க்காரர் ஒருவர் கூறிய நிகழ்ச்சி இது: வழக்கறிஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் நீதிமன்றம் செல்கையில் பின்சக்கரம் வெடித்தது. பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடிபட்டார். அவரை மருத்துவமனையில் விட்டு, காயத்தின் கடுமையை மருத்துவரிடம் கேட்டறியாமலே வழக்கறிஞர் நீதிமன்றம் சென்றார், அடிபட்டவர் இறந்தார். பொறுப்பற்றவர் என்று அமெரிக்கர் குணத்தைச் சுட்டினர். கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் நிற்பது அவர் கடமையன்றோ என்று மைசூர்வாசிகள் சூழ்நிலையைச் சுட்டினர். இளஞ்சிறார்களிடையே இவ்வேறுபாடு பெரிதாக இல்லை. வயது ஏற ஏறவே அது வளர்ந்தது. ஆகவே இது பெரிதும் பழக்கத்தால் வருவது என்பது தெளிவு.

இது கேட்டு நாம் பெருமிதங் கொள்வதற்கில்லை. டொனால்ட் டெய்லர், வைஷ்ணா ஜக்கி இருவரும் தென்னிந்தியாவில் இந்து எழுத்தர்களிடம் ஆராய்ந்து 1974-இல் வெளியிட்ட முடிவு நம்மைத் தலைகுனிய வைப்பது. தம் சமயத்தவர் நன்மை செய்தால் நற்குணம் என்றனர். தீமை செய்தால் சூழ்நிலை என்றனர். முஸ்லிம் ஒருவர் அவற்றையே செய்தபோது அளவுகோல் தலைகீழாயிற்று!

சூழ்நிலையைக் காணும் கண் நமக்கு உண்டு. அதனை வேண்டியவர்க்கு மட்டும் திறக்கிறோம் என்பதே இதனால் அறியத்தக்கது. தவறு யாவற்றையும் பொறுத்துவிட வேண்டுமென்பது கருத்தன்று, குற்றம் குற்றமே. ஆயினும் ஒருவரைத் தீயவரென்று முடிவுகட்டுமுன், இதே செயலை நம் தம்பி செய்திருந்தால் என்ன காரணம் சொல்லியிருப்போம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. வேலைக்குத் தாமதமாய் வந்தவனின் பிழைப்பும், அண்டை வீட்டாரின் நட்பும், இரு சமயத்தாரின் ஒற்றுமையும் பல வேளைகளில் அந்த ஒரு கணத்தைப் பொறுத்தே நிற்கின்றன.