கம்பிக்கு மேல் எத்தனை மில்லி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் நிறைய. வீடு கட்டும் டிஎம்டி கம்பி இங்கே செக்கச்செவேலென்று ஓடிவந்து, தண்ணீர்ப் பெட்டிக்குள் நுழைந்து, வெளித்தோல் இறுகி வெளியே வருகிறது. அந்த ஆலைகளில் வேலை பார்த்து, கடன் போட்டு, கவரப்பேட்டையிலோ பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ ஒரு பழைய வீட்டை முதன்முதலாக வாங்குகிறவர் கேட்கும் கேள்வி, "கம்பி என்ன கம்பெனிங்க?" விற்பவர் ஒரு பெயரைச் சொன்னதும் மனசு நிறைந்துவிடும். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் காங்கிரீட் இருக்கிறது என்று கேட்பவர் அரிது. தளத்தின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

காங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது சிமென்டின் காரத்தால். புதுக் காங்கிரீட்டின் பிஎச் 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று கம்பியைப் போர்த்திக் காக்கிறது. அதைக் கெடுப்பவை இரண்டு. காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியே வருடக்கணக்கில் ஊறி, பிஎச்சை 9-க்கும் கீழே இறக்கிவிடும். உப்பிலுள்ள குளோரைடு அவ்வளவு பொறுமை காட்டாது. காரம் இருக்கும்போதே படலத்தைத் துளைக்கும். பிறகு ஈரமும் ஆக்சிஜனும் போதும். துரு, தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வருகிறது. கம்பி ஓடும் கோட்டிலேயே விரிசல் விழுவது அதனால்தான். டிஎம்டி என்றால் துரு வராது என்பது விற்பனைப் பேச்சு. அந்தச் சூடும் குளிர்ச்சியும் பலத்துக்காக.

மீஞ்சூர்ப் பக்கம் கடற்காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. சென்னையின் தாகத்துக்கும் பாசனத்துக்கும் பல பத்தாண்டுகள் இறைத்ததில், நிலத்தடி நீருக்குள் கடல் கிலோமீட்டர் கணக்கில் புகுந்துவிட்டது. உவர்ப்பான போர் தண்ணீரில் குழைத்த காங்கிரீட் பிறக்கும்போதே உப்போடு பிறக்கிறது. கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. கடற்கரைச் சூழலுக்குத் திறந்திருக்கும் பகுதிகளில் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். கவர் பிளாக் வைக்காமல், ஜல்லித்துண்டை முட்டுக்கொடுத்து ஊற்றிய சன்ஷேடில் 10 மில்லி இருந்தாலே அதிர்ஷ்டம்.

எனவே சாவி கைக்கு வந்ததும் பெயின்டர் காத்திருக்கட்டும். சின்னச் சுத்தியலோடு சன்ஷேடு, பால்கனியின் அடிப்பக்கம், குளியலறைச் சீலிங், மொட்டைமாடித் தொட்டியின் கால்கள் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். மண்பானை வாங்குவதுபோலத்தான்: கணீரென்றால் சரி, பொத்தென்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. விட்டது பூச்சா, காங்கிரீட்டேவா என்பது ஓரிடத்தில் உடைத்தால் தெரியும். உடைத்த புதுப் பரப்பில் பள்ளி ஆய்வகத்துப் பினாப்தலீனைத் தெளித்தால், காரம் மிஞ்சிய பகுதி இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத ஆழம்வரை கரியமில வாயு போய்விட்டது. இளஞ்சிவப்புப் பகுதிக்குள்ளேயே கம்பி துருவேறியிருந்தால் உப்பைச் சந்தேகிக்கலாம். காங்கிரீட் தூளை ஆய்வகத்தில் கொடுத்தால் குளோரைடு அளவைச் சொல்லிவிடுவார்கள்.

உதிர்ந்ததைத் தட்டிவிட்டு மேலே சிமென்ட் பூசுவது பணத்தை மழையில் கரைப்பது. கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும்படி கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலவையால் மூடி, நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். சிமென்டும் பாலிமரும் சேர்ந்த கம்பிப் பூச்சு ஒன்றைக் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி உருவாக்கியிருக்கிறது.

உப்பேறிய வீட்டில் இதற்குப் பிறகும் ஒரு வில்லங்கம் உண்டு. துரு மின்வேதி விவகாரம். ஒரே கம்பியில் ஓரிடம் அரிபடும்வரை, அந்த இடமே பக்கத்து இரும்பைக் காத்துக்கொண்டிருக்கும். அரிபட்ட இடத்தைச் சரிசெய்தால் அந்தக் காவல் போய், ஒட்டுப்போட்ட ஓரத்திலேயே புதிதாக அரிக்கத் தொடங்கும். கொத்தனார் ஏமாற்றிவிட்டார் என்று சண்டை பிடிப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில். ஓரத்தில் கம்பியோடு ஒரு துத்தநாகக் கட்டியைப் பிணைத்து உள்ளே புதைத்தால், அது முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். கம்பியே மெலிந்திருந்தால் கொத்தனார் வேலை அங்கே முடிந்தது. கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள், அவர் வந்து பார்க்கும்வரை அந்தத் தளத்தின் மேலுள்ள தொட்டியை நிரப்ப வேண்டாம்.